உட்புறம் தெரியும் சிற்பம்: சமகால ஜப்பானியக் கண்ணாடிக் கலை

சமகால ஜப்பானியக் கண்ணாடிச் சிற்பம் என்பது 1970-களுக்குப் பிறகு ஜப்பானில் தனிக் கலைஞர்கள் தங்கள் சொந்தப் பட்டறைகளில் கண்ணாடியைக் கொண்டு உருவாக்கிவரும் சிற்பக்கலையைக் குறிக்கும். தொழிற்சாலையில் ஒருவர் வரைந்து கொடுக்க, வேறு பலர் ஊதி, வெட்டி, மெருகேற்றி முடிப்பது பழைய முறை. கற்பனை செய்பவரும் கையால் செய்பவரும் ஒருவரே என்பது புதிய முறை. உலகெங்கும் இதை ‘ஸ்டுடியோ கண்ணாடி’ என்கிறார்கள். இந்த இயக்கத்தில் அதிகம் பேசப்படும் நாடுகளில் ஒன்று ஜப்பான்.

இந்தப் படைப்புகளைப் பற்றி எழுதப்படுபவற்றில் ஒளி, நீர், தூய்மை, ஜென் அமைதி ஆகிய சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கண்ணாடிப் பொருளுக்கும் அவை பொருந்தும். ஒரு படைப்பு ஏன் நம்மை நிறுத்துகிறது, இன்னொன்று ஏன் வெறும் அலங்காரமாக நின்றுவிடுகிறது என்பதை அச்சொற்களைக் கொண்டு பிரித்தறிய முடியாது.

அதற்கு வேறொரு கேள்வி உதவும். கல்லிலும் மரத்திலும் வெண்கலத்திலும் சிற்பம் என்பது மேற்பரப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பவர் அறிவதில்லை. ஒரு வெண்கலச் சிலை கனமாக வார்க்கப்பட்டதா, உள்ளே பொள்ளலா என்பது அதைத் தூக்கிப் பார்ப்பவருக்கே தெரியும். கண்ணாடியில் உட்புறம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே மற்ற சிற்பிகளுக்கு நேராத ஒரு முடிவைக் கண்ணாடிச் சிற்பி எடுத்தாக வேண்டும். அந்த உட்புறத்தை என்ன செய்வது? மறைப்பதா, காலியாக விடுவதா, அடைப்பதா, அதற்குள் எதையாவது வைப்பதா? ஜப்பானியக் கலைஞர்கள் சிலர் இக்கேள்விக்கு அளித்த விடைகளை ஒப்பிட்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஜப்பானில் கண்ணாடியின் இடம்

ஜப்பானுக்குக் கண்ணாடி மிகப் பழையது. அதே சமயம் மிகப் புதியது. யாயோய் காலத்துப் புதைகுழிகளிலேயே கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒரு பகுதி, தென்னிந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் செய்யப்பட்டுக் கடல்வழியே பரவிய ‘இந்தோ-பசிபிக் மணி’ வகையைச் சேர்ந்தது. அரிக்கமேடு அகழாய்வால் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்கும் அதே வகை மணிகள் இவை. நாரா நகரின் தோதாய்ஜி கோயிலைச் சார்ந்த ஷோசோயின் கருவூலத்தில், சாசானியப் பாரசீகத்திலிருந்து வந்த பட்டை தீட்டிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 8-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட கருவூலம் அது.

பழைய ஜப்பானிய மொழியில் கண்ணாடிக்கு ‘ருரி’ என்ற பெயர் இருந்தது. இச்சொல் சீனம் வழியாக வந்தது. அதன் மூலம் நாம் ‘வைடூரியம்’ என்று சொல்லும் அதே இந்தியச் சொல். மொழியில் பெயர் நிலைத்ததே தவிர, நாட்டில் தொழில் நிலைக்கவில்லை. இடைக்காலம் முழுவதும் ஜப்பானில் கண்ணாடித் தொழில் பெரும்பாலும் மங்கியே இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தபின் ‘பீதோரோ’ என்ற சொல்லும், பின்னர் டச்சுக்காரர் வழியாக ‘கராசு’ என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்தன. இன்று வழங்குவது பின்னது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சத்சுமா பகுதியின் ஆட்சியாளர் ஷிமாசு நாரியாகிரா வளர்த்த வெட்டுக் கண்ணாடி உச்சம் தொட்டு, 1858-இல் அவர் இறந்தபின் சில ஆண்டுகளிலேயே சரிந்தது. 1876-இல் அரசு ஏற்று நடத்திய ஷினாகவா கண்ணாடித் தொழிற்சாலை மேலைத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. கலைநோக்குடைய கண்ணாடிக்கு 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோஷிச்சி இவாதா 1931-இலும், ஜெர்மனியில் பயின்று திரும்பிய கோசோ ககாமி 1934-இலும் தத்தம் நிறுவனங்களைத் தொடங்கினர்.

இந்த வரலாற்றிலிருந்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். மட்பாண்டம், அரக்குப்பூச்சு, நெசவு ஆகிய கைவினைகளில் ஜப்பானில் பல தலைமுறைக் குடும்பங்கள், குரு-சீடர் வழிகள், தேநீர்ச் சடங்கோடு பிணைந்த மதிப்பீடுகள் உண்டு. கண்ணாடிக்கு அப்படியொரு தொடர்ச்சி இல்லை. ஒரு மட்பாண்டக் கலைஞர் கிண்ணம் செய்தால், அது எந்த மரபைச் சேர்ந்தது, அதிலிருந்து எங்கே விலகுகிறது என்று உடனே கேட்பார்கள். கண்ணாடிக் கலைஞரிடம் அப்படிக் கேட்க யாருமில்லை. இது இழப்பும்கூட, விடுதலையும்கூட.

இன்னொரு சிக்கல் வகைப்பாடு. ‘பிஜுத்சு’ என்ற சொல், அதாவது நுண்கலை, 1873 வியன்னா உலகக் கண்காட்சியை ஒட்டி ஜப்பானில் மொழிபெயர்ப்பாக உருவானது. நுண்கலைக்கும் ‘கோகெய்’ எனப்படும் கைவினைக்கும் இடையே கோடு விழுந்தது அதன் பின்னரே. கண்ணாடி கைவினைப் பக்கத்தில் வைக்கப்பட்டது. இன்றும் ஜப்பானியக் கண்ணாடிக் கலைஞர் பயன்பாட்டுப் பொருளுக்கும் சிற்பத்துக்கும் நடுவே நின்றுதான் வேலை செய்கிறார்.

இயக்கமும் நிறுவனங்களும்

1962-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், டொலிடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பயிலரங்குகள் ஸ்டுடியோ கண்ணாடி இயக்கத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன. சிறிய உலையைக் கொண்டு தனியொருவர் கண்ணாடியை உருக்கி ஊத முடியும் என்பதை அவை காட்டின. ஜப்பானில் 1972-இல் கண்ணாடிக் கைவினைஞர் சங்கம் அமைந்தது. 1978-இல் கியோத்தோவில் நடந்த உலகக் கைவினை மன்ற மாநாடு வெளிநாட்டுக் கலைஞர்களை ஜப்பானியர்கள் நேரில் சந்திக்க வழி செய்தது. சப்போரோவில் உள்ள ஹொக்கைதோ நவீனக் கலை அருங்காட்சியகம் 1982 முதல் 1994 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை உலகக் கண்ணாடிக் கண்காட்சியை நடத்தியது.

கல்வி நிலையங்களும் இதே காலத்தவை. தாமா கலைப் பல்கலைக்கழகத்தில் 1970-களில் கண்ணாடிப் பயிற்சி தொடங்கியது. தோக்கியோ கண்ணாடிக் கலைக் கழகம் 1981-இல் அமைந்தது. 1991-இல் தோயாமா நகராட்சி தன் சொந்தச் செலவில் ஒரு கண்ணாடிக் கலைக் கல்வி நிலையத்தைத் திறந்தது. தோயாமாவுக்கு இதில் காரணம் இருந்தது. அது வீடு வீடாக மருந்து விற்கும் வணிகர்களின் ஊர். மருந்துக்குப் புட்டிகள் வேண்டும். அதனால் அங்கே கண்ணாடித் தொழில் வளர்ந்தது. புட்டித் தொழில் நலிந்த பின் அதே கண்ணாடியை நகரத்தின் கலை அடையாளமாக மாற்றினார்கள். கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த கட்டடத்தில் தோயாமா கண்ணாடிக் கலை அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டது.

செய்முறை பற்றியும் ஒரு சொல். ஊதுகண்ணாடி உலை இரவும் பகலும் எரிய வேண்டும். எரிபொருள் செலவும் ஆள்தேவையும் அதிகம். மாறாக, சூளையில் அச்சுக்குள் கண்ணாடியை உருக்குவதையும், குளிர்ந்த கண்ணாடியை வெட்டி, அரைத்து, ஒட்டி, பாலிஷ் செய்வதையும் தனியொருவர் தன் வேகத்தில் செய்யலாம். அமெரிக்காவில் இயக்கம் உலையின் முன் நடக்கும் சூடான நாடகத்தில் தொடங்கியது. இங்கே பார்க்கப்போகும் ஜப்பானியப் படைப்புகளில் பெரும்பாலானவை சூளையிலும் அரைக்கும் மேசையிலும் உருவானவை. மணிக்கணக்கில் அரைத்து மெருகேற்றும் கைக்கு உட்புறத்தைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கிறது.

கியோஹெய் ஃபுஜிதா: மூடிய பெட்டி

கியோஹெய் ஃபுஜிதா (1921–2004) தோக்கியோ கலைப் பள்ளியில் உலோக வேலை கற்றவர். இவாதாவின் கண்ணாடி நிறுவனத்தில் சிறிது காலம் பணிபுரிந்து, 1949-இல் வெளியேறித் தனிக் கலைஞரானார். 1973-இல் அவர் காட்சிக்கு வைத்த ‘கசாரிபாகோ’ எனப்படும் அலங்காரப் பெட்டியே அவருக்கு உலகப் புகழைத் தந்தது. 2002-இல் ஜப்பானின் உயரிய பண்பாட்டு விருதான பண்பாட்டுப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. மியாகி மாவட்டத்தின் மத்சுஷிமாவில் அவர் பெயரில் அருங்காட்சியகம் உள்ளது.

பெட்டியின் செய்முறை இது. உருகிய கண்ணாடியின் மேல் வண்ணத் துணுக்குகளையும் தங்கத் தாளையும் ஒட்டி, சதுர அச்சுக்குள் ஊதுவார். கண்ணாடி விரியும்போது தங்கத் தாள் விரிசல்விட்டுச் சிதறும். பளபளப்பைக் குறைக்க மேற்பரப்பை மங்கலாக்கி, மூடியும் உடலும் சேரும் இடத்தில் வெள்ளி விளிம்பு பொருத்துவார். ஒகாதா கோரின் போன்ற ரின்பா மரபு ஓவியர்களின் அரக்குப் பெட்டிகளிலிருந்தும் தங்கப் பின்னணித் திரைகளிலிருந்தும் இந்த எண்ணம் பிறந்தது.

உட்புறம் பற்றிய கேள்விக்கு ஃபுஜிதாவின் விடை மறைப்பது. உள்ளே பார்க்க முடிவதே கண்ணாடியின் தனித்தன்மை. அதையே அவர் கைவிட்டார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. திறந்தால் ஒன்றும் இல்லை. இது துணிச்சலான முடிவு. கண்ணாடிக்கென்று மரபு இல்லாத நாட்டில், அரக்குக் கலையின் மரபைக் கண்ணாடியின் மேல் போர்த்தி, ஜப்பானியக் கண்ணாடி என்று ஒன்று இருக்க முடியும் என்று அவர் காட்டினார். அவருக்குப் பின் வந்தவர்களுக்குக் கதவு திறந்தது இப்படித்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சிறந்த பெட்டிகளில், கருப்பும் தங்கமும் அல்லது சிவப்பும் தங்கமும் மட்டும் உள்ளவற்றில், மேற்பரப்பின் சிதறல் உள்ளிருக்கும் இருளோடு இழுபறி நடத்துகிறது. வண்ணங்கள் பெருகிய பெட்டிகளில் அந்த இழுபறி இல்லை. பார்வை மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. அப்போது அது ஏன் கண்ணாடியாக இருக்க வேண்டும், அரக்காகவே இருந்திருக்கலாமே என்ற கேள்வி எழுகிறது. ஃபுஜிதா தொடக்கி வைத்தவர். ஆனால் கண்ணாடியைச் சிற்பமாக்கும் வேலை அவரோடு முடியவில்லை.

நியோகோ இகுதா: விளிம்பால் ஆன உருவம்

1953-இல் கியோத்தோவில் பிறந்த நியோகோ இகுதா, ஜன்னலுக்குப் போடும் சாதாரணத் தகட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். தகட்டைக் கையால் வளைவுகளாக வெட்டி, விளிம்புகளைத் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறிது திருப்பி ஒட்டுகிறார். இப்படிப் பல தகடுகள் அடுக்கப்படும்போது, சுழன்று எழும் ஒரு வடிவம் உருவாகிறது. நடுவில் வெற்றிடம். அவருடைய நெடுந்தொடரின் பெயர் ‘கூ’. அந்த எழுத்துக்கு வானம் என்றும் வெறுமை என்றும் பொருள்.

தகட்டுக் கண்ணாடியை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் பார்த்தால் விளிம்பு பச்சையாகத் தெரியும். கண்ணாடியில் உள்ள சிறிதளவு இரும்பே அதற்குக் காரணம். மெல்லிய தகட்டின் குறுக்கே ஒளி சில மில்லிமீட்டர் மட்டும் கடக்கிறது. பக்கவாட்டில் தகட்டின் முழு அகலத்தையும் கடக்கிறது. அதனால் நிறம் திரண்டு தெரிகிறது. வீட்டு ஜன்னலிலோ கடையின் கண்ணாடி அலமாரியிலோ யாரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இகுதாவின் சிற்பம் முழுக்க இந்த விளிம்புகளால் ஆனது. முகம் மறைந்து விளிம்பு மட்டும் கோடாகத் தெரிவதால், காற்றில் பென்சிலால் வரைந்த உருவம்போல் அது நிற்கிறது.

இங்கே உட்புறம் என்பது கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. அடுக்குகளுக்கு இடையே பார்வை நுழைந்து, திசை மாறி, வேறு பக்கம் வெளிவருகிறது. பொருளைச் செதுக்காமலே பொருளுக்குள் நடமாட வைக்கிறது இந்த உத்தி. ஒரே உத்தி பல்லாண்டுகளாகத் தொடர்வதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சில படைப்புகளில் சுழல் வடிவம் முன்கூட்டியே எதிர்பார்க்கத்தக்கதாகிவிடுகிறது. சுழல் தன் சமநிலையை இழந்து ஒரு பக்கம் சாயும் படைப்புகளே வலிமையானவை. அங்கே ஒட்டிய தகடுகள் விழுந்துவிடுமோ என்ற பதற்றம் பார்ப்பவரிடம் உண்டாகிறது. கண்ணாடி உடையக்கூடியது என்ற நினைவு திரும்புகிறது.

தோஷியோ இயெசுமி: பின்னிருந்து குடைந்த வெளி

தோஷியோ இயெசுமி 1954-இல் தோச்சிகி மாவட்டத்தின் அஷிகாகாவில் பிறந்தவர். இவரும் தகட்டுக் கண்ணாடியையே பயன்படுத்துகிறார். ஆனால் இகுதாவுக்கு நேரெதிராக. தகடுகளை ஒட்டிக் கனமான கட்டையாக்கி, அந்தக் கட்டையைக் கல்லைப்போல் அரைத்துக் குடைகிறார். பிறகு மிக நீண்ட மெருகேற்றல். இவர் படைப்புகளின் தலைப்புகள் ஓர் எழுத்தும் சில எண்களும் மட்டுமே. பார்ப்பவர் கையில் கதை எதையும் கொடுக்க அவர் விரும்பவில்லை என்பது இதில் தெரிகிறது.

இயெசுமியின் சிற்பத்தில் நடப்பதை ஒளியியல் கொண்டு விளக்கலாம். ஒளி ஊடுருவும் கட்டையின் பின்புறத்தில் ஒரு குழியைக் குடைந்து மெருகேற்றினால், முன்னிருந்து பார்ப்பவருக்கு அது குழியாகத் தெரிவதில்லை. உள்ளே மிதக்கும் ஒரு பருத்த உருவமாகத் தெரிகிறது. இல்லாத இடம் இருக்கும் பொருளாகத் தோன்றுகிறது. பார்ப்பவர் ஓரடி நகர்ந்தால் உருவம் நீளும், சுருங்கும், இரண்டாகும், மறையும். கட்டை அசையவில்லை. மாறுவது பார்வை மட்டுமே.

இந்தக் கண்டுபிடிப்பு முழுக்க ஜப்பானியருடையது என்று சொல்ல முடியாது. செக் கலைஞர்களான ஸ்தானிஸ்லாவ் லிபென்ஸ்கியும் யாரோஸ்லாவா பிரிக்தோவாவும் 1950-களிலிருந்தே, பின்புறம் குழிந்த உருவம் முன்புறம் புடைத்துத் தெரியும்படி வார்ப்புக் கண்ணாடியில் தலைகளைச் செய்தார்கள். வேறுபாடு செய்முறையிலும் நோக்கிலும் இருக்கிறது. செக் கலைஞர்கள் உருகிய கண்ணாடியை அச்சில் வார்த்து, நாள்கணக்கில், பெரிய துண்டுகளானால் மாதக்கணக்கில் மெல்லக் குளிரவைத்தார்கள். அவர்களுடைய உட்புறத்தில் ஒரு முகம் இருந்தது, ஒரு குறியீடு இருந்தது. இயெசுமியின் உட்புறத்தில் யாரும் இல்லை. கட்டடத்துக்கென்று ஆலையில் தயாரான, எவ்விதப் பெருமையும் இல்லாத ஜன்னல் கண்ணாடியை அவர் எடுத்து, ‘பார்ப்பது’ என்ற செயலையே பொருளாக்கினார். ஜப்பானியக் கண்ணாடிச் சிற்பத்தில் உட்புறம் மிகக் கறாராகக் கையாளப்பட்ட இடம் இவருடைய படைப்புகளே என்று சொல்லலாம்.

யோஷியாகி கோஜிரோ: நுரைத்து மூடிய கண்ணாடி

1968-இல் பிறந்த யோஷியாகி கோஜிரோ கட்டடக் கலை பயின்று கண்ணாடிக்கு வந்தவர். கண்ணாடித் தூளோடு தாமிர ஆக்சைடைக் கலந்து அச்சில் இட்டுச் சூளையில் சுடுகிறார். சூட்டில் வாயு வெளிப்பட்டுக் கலவை நுரைத்துப் பொங்குகிறது. குளிர்ந்தபின் கிடைப்பது ஒளி ஊடுருவாத, நுண்துளைகள் நிறைந்த, வெடிப்புகள் ஓடிய ஒரு திரள். நிறம் பச்சை கலந்த நீலம். முதலில் பார்ப்பவர் அதைக் கண்ணாடி என்று நம்பமாட்டார். நுரைக்கல் என்றோ காய்ந்த பாசி என்றோ நினைப்பார்.

கண்ணாடித் தொழிலில் குமிழி என்பது குறை. உருக்குபவர்கள் அதை நீக்கவே பாடுபடுகிறார்கள். கோஜிரோ குறையைப் பெருக்கி, அதையே வடிவமாக்கினார். உட்புறம் இங்கே காற்றால் நிரம்பித் தானாகவே மூடிக்கொள்கிறது. ஃபுஜிதாவும் மறைத்தார். ஆனால் அவர் தங்கத்தால், வெளியிலிருந்து மறைத்தார். கோஜிரோவிடம் மறைப்பு பொருளுக்குள்ளிருந்து வருகிறது. எந்த அளவு பொங்கும், எங்கே வெடிக்கும் என்பதைக் கலைஞர் ஓரளவே கட்டுப்படுத்த முடியும். தன் எடையால் வளைந்து, ஓரங்களில் நொறுங்கும் நிலையில் நிற்கும் அந்தத் திரளில், வலுவும் சிதைவும் ஒரே சமயத்தில் தெரிகின்றன. கண்ணாடி என்றாலே தெளிவு என்ற எண்ணத்துக்கு இந்தத் தலைமுறை தந்த நேரடியான மறுப்பு இது.

அகானே யமமோதோவும் ருயி சசாகியும்: உள்ளே வைக்கப்பட்டவை

அகானே யமமோதோ (பிறப்பு 1977) ‘கிரிகானே’ என்ற பழங்கலையைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்தவர். தங்கத் தாள்கள் சிலவற்றைச் சூட்டில் ஒட்டித் தடிப்பாக்கி, மூங்கில் கத்தியால் முடி போன்ற இழைகளாக வெட்டி, புத்த சிலைகளின் ஆடை மடிப்புகளிலும் ஓவியங்களிலும் ஒட்டுவது கிரிகானே. சிலையின் மேனியை அலங்கரிப்பதே அதன் வேலை. தனக்கென்று அதற்கு இடமில்லை. யமமோதோ அந்தத் தங்க இழைகளைக் கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே வைத்து உருக்கி ஒன்றாக்கி, வெளிப்புறத்தை வெட்டி மெருகேற்றுகிறார். தாங்கும் சிலை போய்விட்டது. கோலம் மட்டும் வெளியில் மிதக்கிறது. முராசாகி ஷிகிபுவின் ‘கெஞ்சி கதை’யின் 54 அத்தியாயங்களையும் இப்படி உருவாக்கும் தொடர் இவருடைய பெரும் முயற்சி.

தங்கத்தின் விஷயத்தில் ஃபுஜிதாவோடு இவரை ஒப்பிடுவது பயன்தரும். அங்கே தங்கம் கண்ணாடியின் மேல், இங்கே உள்ளே. அங்கே அது பார்வையைத் தடுத்தது; இங்கே பார்வையை ஆழத்துக்கு இழுக்கிறது. மரபை வெளியே போர்த்தாமல் உள்ளே வைத்துப் பார்க்க முடியும் என்பதை யமமோதோ காட்டுகிறார். கதையைத் தெரிந்துகொண்டுதான் படைப்பை அணுக வேண்டும் என்ற நிலை சில இடங்களில் சுமையாகிறது. வெளி வடிவம் எளிமையாக உள்ள படைப்புகளில் அச்சுமை இல்லை.

ருயி சசாகி (பிறப்பு 1984) உட்புறத்தில் வைப்பது வாடிய செடிகளை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பயின்று ஜப்பான் திரும்பியபோது சொந்த நாடே அந்நியமாகத் தோன்றியதாகவும், சுற்றியுள்ள செடிகொடிகளைப் பறித்துத் தொட்டுப் பழகி அந்த அந்நியத்தைக் கடக்க முயன்றதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். பறித்த செடியை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்துச் சூளையில் சுடுகிறார். செடி எரிந்து வெண்சாம்பலாகிறது. ஆனால் அடைபட்டிருப்பதால் இலை நரம்புவரை அதன் உருவம் அப்படியே தங்குகிறது. செடியிலிருந்த ஈரமும் காற்றும் குமிழிகளாகின்றன.

இதைப் புகைப்படத்தோடு ஒப்பிடலாம். ஆனால் புகைப்படத்தில் இருப்பது பொருளின் பிம்பம். இங்கே இருப்பது அந்தச் செடியே, எரிந்த நிலையில். காப்பாற்றுவதும் அழிப்பதும் ஒரே நெருப்பில் நடந்திருக்கின்றன.

சசாகியின் மற்றொரு படைப்பு அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் 2018-ஆம் ஆண்டுக்கான ராக்கோ திட்டத்தில் செய்வித்தது. மழையைப் பற்றியது. அவர் வாழும் கனசாவா அடிக்கடி மழை பெய்யும் ஊர். சோற்றுப்பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே என்ற வழக்கு அங்கே உண்டு. ஊதிச் செய்த பல கண்ணாடித் துளிகள் சுவரில் தொங்குகின்றன. அவற்றினுள் ஒளியைச் சேமித்து இருளில் உமிழும் பொருள் கலந்திருக்கிறது. பார்ப்பவர் உள்ளே நுழைந்ததும் விளக்குகள் அணைய, துளிகள் மட்டும் ஒளிர்ந்து மெல்ல மங்குகின்றன. கண்ணாடியின் வழியே ஒளி கடந்து போவதுதான் வழக்கம். இங்கே ஒளி உள்ளே தங்கி, பிறகு தீர்ந்துபோகிறது. வெயிலுக்கு ஏங்கும் ஊரின் நினைவு இதில் விளக்கம் இல்லாமலேயே விளங்குகிறது.

‘ஜப்பானியத்தன்மை’ என்ற விளக்கத்தின் சிக்கல்

இந்தக் கலைஞர்களை ஒரே கூடையில் போட்டு ‘ஜப்பானிய அழகியல்’ என்று எழுதுவது எளிது. விற்பனைக் கூடங்களின் கையேடுகளும் கண்காட்சிக் குறிப்புகளும் அதைத்தான் செய்கின்றன. அப்படிச் செய்வதில் இரண்டு தீங்குகள் உண்டு.

முதலாவது, செய்முறையும் காரணங்களும் மறைந்துபோகின்றன. இகுதா, இயெசுமி இருவரும் எடுத்துக்கொண்டது உலகெங்கும் ஒரேமாதிரி தயாராகும் தொழிற்சாலைத் தகடு. இயெசுமியின் முன்னோடிகளைச் செக் நாட்டிலும் தேட வேண்டியிருக்கிறது. ஃபுஜிதா தம் பிற்கால வாழ்வில் வெனிஸின் முரானோ தீவுக்குச் சென்றும் வேலை செய்தார். சசாகி அமெரிக்காவில் பயின்றவர். இவையெல்லாம் ‘ஜென் அமைதி’ என்ற ஒரு சொல்லில் கரைந்துவிடுகின்றன.

இரண்டாவது, விளக்கமே படைப்பை முந்திக்கொண்டு போய்விடுகிறது. யுகிதோ நிஷினாகா, உடைந்த மட்பாண்டத்தின் விடுபட்ட பகுதியில் வேறொரு பாண்டத்தின் ஓட்டைச் சேர்த்து ஒட்டும் ‘யோபித்சுகி’ முறையைக் கண்ணாடிக்குக் கொண்டுவந்தார். தாம் செய்த கலங்களைத் தாமே உடைத்து, துண்டுகளை மாற்றி இணைக்கிறார். பார்க்க அழகான பொருள்கள் இவை. ஆனால் பழைய யோபித்சுகியில் இழப்பு உண்மையானது. யாரோ பயன்படுத்திய, யாரோ நேசித்த கிண்ணம் எதிர்பாராமல் உடைந்தது. அதைத் தூக்கிப்போட மனமின்றி ஒட்டினார்கள். ஒட்டுவதற்காகவே உடைக்கும்போது அந்த இழப்பு ஒரு குறிப்பாக மட்டும் எஞ்சுகிறது. அதே கலைஞர் பயன்படுத்தி எறியப்பட்ட புட்டிகளின் கண்ணாடியைக் கொண்டு கியோத்தோவின் ஹோனென்-இன் கோயிலில் அமைத்த கற்தோட்டம் இதைவிட வலுவானது. எறியப்பட்ட கண்ணாடிக்கு ஒரு கடந்தகாலம் உண்டு; அதைக் கலைஞர் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்னொரு வரம்பு அளவும் பார்வையும் சார்ந்தது. இப்படைப்புகளில் பல, ஒரு பீடத்தின் மேல் விளக்கொளியில் வைக்கத்தக்க அளவில் இருக்கின்றன. சேகரிப்பாளரின் வீட்டுக்கு அது பொருந்தும். அந்த அளவு பழகிப்போனால், எந்த நல்ல கண்ணாடியும் விளக்கின் கீழ் வைத்தால் அழகாகத்தானே இருக்கும் என்ற ஐயத்திலிருந்து படைப்பு தப்புவது கடினம். இணையத்தில் பார்ப்பவருக்கு மேலும் ஒரு தடை இருக்கிறது. இயெசுமியின் சிற்பத்தைப் படத்தில் பார்ப்பவர், நகரும்போது மாறும் உருவங்களில் ஒன்றை மட்டுமே பார்க்கிறார். ஃபுஜிதாவின் பெட்டி படத்தில் முழுதாகக் கிடைத்துவிடுகிறது. இயெசுமியின் கட்டை கிடைப்பதில்லை. படங்களை மட்டும் வைத்து இக்கலையை மதிப்பிட்டால், மேற்பரப்புக் கலைஞர்கள் உயர்ந்தும் உட்புறக் கலைஞர்கள் தாழ்ந்தும் தெரிவார்கள். மாணவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரே படைப்பின் பல கோணப் படங்களையோ அசையும் காட்சிகளையோ தேடிப் பார்ப்பது ஓரளவு உதவும்.

கலை இடம்

ஜப்பானியக் கண்ணாடிச் சிற்பத்தின் பங்களிப்பைத் ‘தெளிவின் அழகு’ என்று சுருக்குவது அதற்கு நீதி செய்வதாகாது. மேலே கண்டவர்கள் தெளிவைப் பரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. தீர்க்க வேண்டிய சிக்கலாகவே எடுத்துக்கொண்டார்கள். ஃபுஜிதா அதை மூடினார். இகுதா விளிம்புகளாகப் பிரித்தார். இயெசுமி அதற்குள் இல்லாத பொருளை உண்டாக்கினார். கோஜிரோ நுரையால் அடைத்தார். யமமோதோ தாங்குவாரின்றி ஒரு கோலத்தை அதில் மிதக்கவிட்டார். சசாகி சாம்பலையும் மங்கும் ஒளியையும் அதற்குள் வைத்தார். மரபின் பாரம் இல்லாத ஒரு பொருளில், ஐம்பது ஆண்டுகளுக்குள், ஒரே கேள்விக்கு இத்தனை வேறுபட்ட விடைகள் கிடைத்திருப்பது சிற்பக்கலையின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

இவர்களுள் இயெசுமி, கோஜிரோ, சசாகி ஆகிய மூவருடைய படைப்புகள், கண்ணாடி, கைவினை, ஜப்பான் என்ற அடைமொழிகள் இல்லாமலும் சிற்பம் என்ற அளவில் நிற்கக்கூடியவை. கண்ணாடியின் இரும்புப் பச்சை, குமிழி, நொறுங்கும் ஓரம், எரிந்த சாம்பல் என்று தொழில் குறையாகக் கருதும் ஒவ்வொன்றையும் அவர்கள் நீக்காமல் வைத்துக்கொண்டார்கள். ஃபுஜிதா திறந்த கதவின் வழியே வந்தவர்கள், அவர் மூடி வைத்த பெட்டியின் உட்புறத்திலிருந்தே தங்கள் வேலையைத் தொடங்கினார்கள்.